ஒன்பது நாள் துவைக்காத சட்டைகள்

என் அருமை மகளுக்கு,

பேட்டரி கம்பெனித் தொழிலாளர் சங்கத்தின் துணைத் தலைவனும், தகடு வார்க்கும் பிரிவின் முடிசூடா மன்னனும், உன் அப்பாவுக்குத் தம்பியாகப் பிறந்து தொலைத்த ஒரே காரணத்தால் உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவனுமான உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் சித்தி, உன் மகள் மூன்று பேரும் உயிரோடும் கோபத்தோடும் இருக்கிறோம். அங்கே விமான நிலையத்தில் உலகத்தார் பெட்டிகளையெல்லாம் திறந்து குடையும் அதிகாரியாகிய நீயும் குளிரில் விறைத்துப் போகாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறோம். இப்போது நான் சொல்லப்போகும் கதையை ஈ, எறும்பு உட்பட எந்த ஜீவராசியும் நம்பாது என்று முதலிலேயே சத்தியம் செய்து தருகிறேன். நீ நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, நானே பாதி நம்பவில்லை. ஆனால் ஒன்று, உட்கார்ந்து படி. உன் மகள் நன்றாக இருக்கிறாள், இதை எழுதும்போது எதிரே உட்கார்ந்து முட்டையின் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளை எனக்குத் தெரியாமல் என் தட்டில் தள்ளிக்கொண்டிருக்கிறாள். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

நான்கு மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் எல்லாரும் சௌக்கியம் என்றேனே, அது பொய். எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், ஆனால் அவையெல்லாம் ஊர் சிரிக்கச் சொன்னவை, இது கோழைப் பொய். உன் சித்தி போன வாரம் கெடு வைத்துவிட்டாள். நீயாக எழுதுகிறாயா, நான் போன் போடட்டுமா என்றாள். அவள் போன் போட்டால் மூன்றே வாக்கியத்தில் முடித்துவிடுவாள், அதில் மூன்றும் என் தலையில் விழும். அதனால் நானே எழுதுகிறேன்.

உன் மகளை, நம் வீட்டு வக்கீலம்மாவை, உனக்குத் தெரியுமே, சூரியன் கிழக்கே உதிக்கிறான் என்றால் கூட சாட்சி கொண்டுவா என்று கேட்கிறவள். ஏழு வயதில் அவள் என்னைக் குறுக்கு விசாரணை செய்த அளவுக்கு எந்தக் கோர்ட்டிலும் எவனையும் செய்திருக்க மாட்டார்கள். அவள் போன வருஷத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாயை மூட ஆரம்பித்தாள். வயிறு வலி என்பாள், காலையில் படித்த எழுத்து மாலையில் யாருடையதோ போல இருக்கும், பெஞ்சில் தலை சாய்த்தால் தூக்கம். நான் என்ன செய்தேன் தெரியுமா, சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டி இரண்டு மணி நேரம் உபதேசம் செய்தேன், என் உபதேசத்தில் யானையே தூங்கிவிடும், பிள்ளை தூங்காதா. பிறகு டீச்சரிடமிருந்து சீட்டு வந்தது, வந்து பாருங்கள், பிள்ளையை ஒரு வகுப்பு கீழே உட்கார வைப்பது பற்றிப் பேச வேண்டும் என்று. எனக்கு உச்சந்தலையில் நெருப்புப் பிடித்தது. என் அண்ணன் பேத்தியைக் கீழே இறக்குவதா, அந்தப் பள்ளிக்கூடத்தைச் செங்கல் செங்கலாகப் பிரித்து எடுத்து வருகிறேன் பார் என்று சித்தியிடம் சபதம் போட்டுவிட்டு, ஷிஃப்ட் முடிந்த கையோடு, பயமுறுத்துவதற்காகவே கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல் நேராகப் போனேன்.

டீச்சர் ஒல்லியான பெண்மணி, ஊதினால் பறந்துவிடுவார் போல இருந்தார். நான் உள்ளே நுழைந்த வேகத்தில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, சட்டையைப் பார்த்தார், கையில் படிந்திருந்த சாம்பல் நிறத் தூளைப் பார்த்தார். நான் பேச வாயெடுப்பதற்குள் மெதுவாகக் கேட்டார்: "இந்தச் சட்டைய வீட்ல யாருங்க துவைக்கிறாங்க?" என்ன கேள்வி இது, என் பெண்டாட்டிதான், பிள்ளையின் யூனிஃபார்மோடு சேர்த்து ஒரே வாளியில் ஊற வைத்து, எங்கள் வீட்டில் பாகுபாடு கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். ஆசிரியர் சங்கத்தில் இந்தப் பக்கத்து மூன்று பள்ளிக்கூடத்து டீச்சர்களும் சனிக்கிழமை கூடிப் பேசுவார்களாம், எல்லார் வகுப்பிலும் இதே மாதிரி பிள்ளைகள், தூக்கம், வயிற்றுவலி, மறதி. முதலில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்களாம். பிறகு ஒருவர் ஆளுக்கொரு நோட்டுப் போடலாம் என்றாராம். பிள்ளையின் தொந்தரவு ஒரு பக்கம், அப்பாவோ தாத்தாவோ எங்கே வேலை என்பது மறு பக்கம். டீச்சர் வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள், நோட்டில் ஒன்பது, அந்த ஒன்பதில் ஏழு, கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் நம் தெருப் பிள்ளைகள். இதை அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். குரலை உயர்த்தாதவர்களோடு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நம் சங்க ஆபீசுக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறதே, செவ்வாய்க்கிழமைகளில் நர்ஸம்மா வந்து பிரஷர் பார்ப்பார், கட்டுப் போடுவார், அங்கே ஆசிரியர் சங்கத்துக்காரர்களே வந்து நின்று ஏற்பாடு செய்தார்கள். இருபத்துமூன்று பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எத்தனை வீடு வர மாட்டேன் என்றது தெரியுமா, கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று கதவைச் சாத்திக்கொண்டவர்கள் அவ்வளவு பேர். நான் போனது கூட நம்பி அல்ல, தகடு வார்க்கிற ஈயத்தை முப்பது வருஷமாக மூச்சோடு உள்ளே இழுத்தவன் நான், எனக்கு என்ன ஆகிவிட்டது, காளை மாதிரி இருக்கிறேன் என்று டீச்சருக்குக் காட்டத்தான் நானும் ரத்தம் கொடுக்கப் போனேன். வக்கீலம்மா ஊசி புதுசு என்பதற்கு அத்தாட்சி கேட்டாள். நர்ஸம்மா அவள் கண் முன்னாலேயே உறையைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் கையை நீட்டினாள். அன்றைக்கு நான் சிரித்ததுதான் கடைசி. பத்து நாள் கழித்துத் தாள் வந்தது. உன் மகளுக்குப் பதினாறு என்று போட்டிருந்தது. எத்தனைக்குப் பதினாறு என்று பரீட்சை மார்க் கேட்பது போலக் கேட்டேன். நர்ஸம்மா, இது கூடக் கூடாத எண்ணுங்க, ஐந்தே அதிகம், ரத்தத்தில் இருக்கிற ஈயம் என்றார். என் எண் நாற்பத்திரண்டு. அதிலும் ஊரிலேயே நான்தான் முதல். கம்பெனி டாக்டர் வருஷா வருஷம் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து நூறு வயது இருப்பீர் என்று எழுதித் தந்துகொண்டிருந்தார், அந்த டாக்டரின் நாக்கை ஒரு நாள் நான் நீட்டச் சொல்லிப் பார்க்கத்தான் போகிறேன்.

அது எப்படி வீட்டுக்கு வந்தது என்று நர்ஸம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். சட்டையில் தூள், தலைமயிரில் தூள், செருப்பின் அடியில் தூள். பிள்ளை தரையில் விளையாடும், விரலை வாயில் வைக்கும். வேலை முடிந்து வந்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மகளே, நான் வந்ததும் என்ன செய்வேன் என்று உனக்கே தெரியும், நீ சின்னவளாக இருந்தபோது உனக்கும் அதையே செய்தேன். வாசலில் நின்று கையைத் தூக்குவேன், போலீஸ் சோதனை போல அவள் ஓடிவந்து என் கம்பெனிச் சட்டைப் பையில் கை விடுவாள், அதில் ஒரு மிட்டாய் இருக்கும், எடுத்து அங்கேயே வாயில் போட்டுக்கொள்வாள். காகிதம் பிரிந்த மிட்டாய் சில நாள், தூள் ஒட்டிய மிட்டாய், அவள் ஊதிவிட்டுத் தின்பாள். இரண்டு வருஷம், வாரத்துக்கு ஆறு நாள். இதை நர்ஸம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அந்த அம்மாள் நல்லவர், எழுதிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம், செருப்பால் அடித்திருக்கலாம்.

இன்னும் கேள், என் கோபம் எங்கே ஏறுகிறது என்று. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் பத்தொன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தது உனக்கு ஞாபகம் இருக்கும், நீ கல்லூரியில் இருந்தாய். நான் கேட் முன்னால் நின்று பேசிய பேச்சில் கம்பெனிப் புகைபோக்கி வெட்கப்பட்டுப் பக்கவாட்டில் சாய்ந்தது. அந்தப் போராட்டத்தில் நாங்கள் என்ன வாங்கினோம் தெரியுமா, குளியலறை. பன்னிரண்டு குழாய், வெந்நீர், இரண்டு பெரிய துணி துவைக்கும் மிஷின், வாசலில் கல் பதித்து எங்கள் பேர். ஷிஃப்ட் முடிந்ததும் குளித்து, கம்பெனித் துணியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுத் துணியில் போக வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் சங்கு ஊதிப் பதினைந்தாவது நிமிஷம் கம்பெனி பஸ் கிளம்பிவிடும், அதை மாற்றச் சொல்லி நாங்கள் யாரும் கேட்கவில்லை. குளித்தால் பஸ் போச்சு, பஸ் போனால் ஒன்றரை மணி நேர நடை. ஒரு மாதத்தில் ஒருத்தனும் குளிப்பதில்லை. சும்மாதானே கிடக்கிறது என்று சங்கத்துக் கொடிகளையும் மடக்கு நாற்காலிகளையும் உள்ளே அடுக்கினோம். பிறகு மிஷின் இரண்டையும் ஒட்டிப் போட்டு அதன் மேல் கேரம் போர்டை வைத்தோம். உயரம் அளந்து செய்தது போலப் பொருந்தியது என்று எல்லாரும் பாராட்டினார்கள். யோசனை யாருடையது என்று கேட்காதே. ஐந்து வருஷம் தொடர்ந்து கேரம் சாம்பியன் யார் என்றும் கேட்காதே. போராடி வாங்கியதன் மேலேயே உட்கார்ந்து கேரம் ஆடிய சங்கம் உலகத்தில் எங்கள் சங்கம் ஒன்றாகத்தான் இருக்கும்.

தாள் வந்த வாரம் ஒரு மாலை, வக்கீலம்மா கை கழுவிக்கொண்டிருந்தாள், நர்ஸம்மா சொன்னபடி நகத்துக்குள்ளெல்லாம் தேய்த்து. தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "தாத்தா, நான் மக்கா?" பள்ளிக்கூடத்தில் நோட்டில் பேர் இருக்கும் பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கு மற்ற பிள்ளைகள் தூங்குமூஞ்சி பெஞ்ச் என்று பேர் வைத்துவிட்டார்கள். நீ அங்கிருந்து மாதா மாதம் கலர் பென்சிலும் கதைப் புத்தகமும் அனுப்பிக்கொண்டிருக்கிறாய், இங்கே நான் அவள் மூளையில் ஈயம் பூசிக்கொண்டிருந்தேன். யார் அப்படிச் சொன்னது, அவன் குலத்தையே நாடு கடத்துகிறேன் என்று வழக்கம் போல முழங்கினேன். அவள் சாட்சி கூடக் கேட்கவில்லை, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் எதிர்வாதம் செய்யாமல் போனதுதான் என்னைக் கொன்றது.

அந்த வாரமே சங்கக் கூட்டம். தலைவரை உனக்குத் தெரியும், மைக் என்று நாங்கள் கூப்பிடுவோமே, கரண்ட் போனாலும் அவர் குரல் போகாது. போனஸ் பற்றித்தான் கூட்டம். நான் எழுந்து குளியலறையைத் திறக்க வேண்டும், பஸ் காத்திருக்க வேண்டும், எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்றேன். நான் பேசிய பேச்சில் கூரைத் தகரம் நான்கு பறந்துபோய்ப் பக்கத்துத் தெருவில் விழுந்தது. மைக் அசையவில்லை. துணி துவைப்பதெல்லாம் வீட்டு விஷயம், அதைச் சங்கத்துக்குக் கொண்டுவராதே என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "பிள்ளைங்க ரத்தத்துல ஈயம்னு வெளிய தெரிஞ்சா கம்பெனிய இழுத்து மூடிட்டுப் போயிடுவான்யா. முந்நூறு குடும்பம். அப்புறம் உன் பேத்திக்கு முட்டை யாரு வாங்கித் தருவா?" என்றார். கை தட்டினார்கள் மகளே. என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், தாளில் தங்கள் பிள்ளைக்குப் பன்னிரண்டும் பதினான்கும் போட்டிருப்பதைப் பார்த்தவர்கள், தலையைக் குனிந்துகொண்டு கை தட்டினார்கள். பயம் எனக்கும் புரியும், எனக்கும் அதே கம்பெனிச் சோறுதான். ஆனால் அந்தக் கைதட்டல் சத்தம் இன்னும் என் காதில் அறைகிறது. நான் என்னென்னவோ கத்தினேன், துரோகி என்றேன், கேரம் காய்களுக்குப் பிறந்தவர்களே என்றேன், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது. தீர்மானம் தோற்றது. என் கை ஒன்று, இன்னும் ஆறு கை.

வீட்டுக்கு வந்து சித்தியிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு அடுப்பை அணைத்தாள், செருப்பைப் போட்டாள், வெளியே போனாள். நம் தெரு மாதர் சங்கத்தை நான் எத்தனை கேலி செய்திருக்கிறேன், ஊர்வம்பு ஆராய்ச்சிக் கழகம் என்று பெயர் வைத்தவனே நான்தான். மறுநாள் மாலை மைக் சங்க ஆபீசில் தன் மேஜையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாராம், வாசலில் ஒரே சலசலப்பு. அறுபது எழுபது பெண்கள், சித்தி சொல்லும் கணக்கில் நாற்பத்தொன்று, ஆளுக்கொரு அழுக்கு மூட்டை. கம்பெனிச் சட்டை, கம்பெனிக் கால்சட்டை. ஒவ்வொருத்தியாக வந்து அந்த மேஜையில் வைத்தார்கள். மேஜை நிறைந்ததும் நாற்காலியில், பிறகு அலமாரியில், பிறகு மைக்கின் மடியில். எல்லாவற்றிலும் பெரிய மூட்டையைக் கொண்டுவந்தது மைக்கின் பெண்டாட்டி. என்னம்மா இது என்று அவர் கேட்டதற்கு உன் சித்தி சொன்னாளாம்: "நீங்க வேலைய நிறுத்தலாம், நாங்க துவைக்கிறத நிறுத்தக் கூடாதாண்ணே? இது வீட்டு விஷயம்னீங்க. வீடு முடிவு பண்ணிடுச்சு."

அதிலிருந்து ஒன்பது நாள் எங்கள் தெருவில் ஒரு கம்பெனிச் சட்டை கூடத் தண்ணீரைப் பார்க்கவில்லை. நீயே துவைத்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள் என்றா நினைக்கிறாய். துணியை வாசலைத் தாண்டிக் கொண்டுவரவே தடை. வெளியே ஆணி அடித்திருந்தார்கள், அதில் கழற்றி மாட்டிவிட்டு, வாளித் தண்ணீரில் தலைமுதல் கால் வரை கழுவிக்கொண்டு உள்ளே வர வேண்டும். மாலை ஆறு மணிக்குத் தெருவைப் பார்த்திருக்க வேண்டும் நீ, இரண்டு பக்கமும் வரிசையாகத் தொப்பையும் ஜட்டியுமாகச் சங்க உறுப்பினர்கள். ஒரு நாள் நான் சோப்பு போட்ட நிலையில் தண்ணீர் தீர்ந்துபோய், நுரையோடு முக்கால் மணி நேரம் கௌரவமாக நின்றேன். நாலாம் நாள் சட்டைகள் தாமாகவே நிற்க ஆரம்பித்தன. ஆறாம் நாள் என் சட்டை என்னை எழுப்பி, மணியாச்சு வா என்று முன்னால் நடந்து போனது. எட்டாம் நாள் கம்பெனி பஸ்ஸின் டிரைவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடி ஓட்டினார். ஒன்பதாம் நாள் எங்கள் பேட்டரிகளை வாங்குகிற பெரிய மனிதர்கள் வெளியூரிலிருந்து கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். தகடு வார்க்கும் பிரிவு வரைதான் வந்தார்கள். அன்று மத்தியானமே மேனேஜர் சங்கத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

மைக் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். தன் பெண்டாட்டி கையால் ஒன்பது நாள் சாப்பாடு கிடைக்காத மனிதர் எவ்வளவு சீக்கிரம் திருந்துவார் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். சித்தியும், டீச்சரும், நர்ஸம்மாவும் வந்தார்கள். பெண்களை உள்ளே விட மாட்டேன் என்ற வாட்ச்மேனிடம், அப்படியானால் நாங்களும் இல்லை என்று முதல் தடவையாக மைக்கே சொன்னார். மேனேஜர் ஈயம் எங்கள் கம்பெனியிலிருந்துதான் போனது என்பதற்கு என்ன ஆதாரம், பழைய பெயிண்டாக இருக்கலாம், தண்ணீர்க் குழாயாக இருக்கலாம் என்றார். டீச்சர் மூன்று பள்ளிக்கூடத்து நோட்டையும் மேஜையில் வைத்தார், ஒரே குழாய்த் தண்ணீர் குடித்தும் ஒரு தொந்தரவும் இல்லாத மற்ற தெருப் பிள்ளைகளின் பக்கத்தையும் திறந்து வைத்தார். மேனேஜர் புரட்டினார், புரட்டினார், பிறகு வேறு பக்கம் தாவினார். குளிக்கிற நேரத்துக்கும் பஸ் நிற்க வேண்டும், துவைப்பதற்கும் நாங்கள் ஆள் போட வேண்டும் என்றால் எங்கே போவது என்றார். என் ரத்தம் கொதித்து நான் எழுவதற்குள் உன் சித்தி கேட்டாள்: "கேட்ல தினம் இவர் டிபன் பாக்ஸைத் திறந்து பாக்குறீங்க. ஒரு துண்டு ஈயம் இருந்தா திருடன்னு வெளிய அனுப்பிடுவீங்க. அப்ப இவ்வளவு வருஷமா சட்டையில எங்க வீட்டுக்கு அனுப்பினீங்களே, அது உங்க சொத்து இல்லையா? எடுத்துக்குங்க சார். எங்களுக்கு வேண்டாம்." மேனேஜர் முகம் எங்கள் தகடு போலவே ஆனது. முப்பது வருஷமாக அந்தக் கேட்டில் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டியவன் நான், எனக்கு இது தோன்றவில்லையே என்று அவள் மேலேயே கோபம் வந்தது.

இப்போது பஸ் சங்கு ஊதி நாற்பது நிமிஷம் நிற்கிறது. மிஷின்கள் ஓடுகின்றன, கேரம் போர்டை நானே தூக்கிக்கொண்டுபோய் எறிந்தேன். ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒன்றில் வீட்டுத் துணி, ஒன்றில் கம்பெனித் துணி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிள்ளைகளுக்கு ரத்தம் பார்க்கிறார்கள், கதவைச் சாத்திக்கொண்ட வீடுகளும் வருகின்றன, இப்போது நாற்பத்தைந்து பிள்ளைகள். தூளை இழுக்கும் ஃபேன் போடுவதாகவும் அன்றே எழுதிக் கொடுத்தார்கள், அது இன்னும் வரவில்லை. வரும் வரை நான் மேனேஜர் கனவில் தினமும் போய் நிற்பேன், சங்கம் திங்கட்கிழமை தோறும் ஆபீசில் போய் நிற்கிறது. நம் வீட்டில் சித்தி பாய்களைத் தூக்கி எறிந்துவிட்டாள், தினமும் தரையை ஈரத்துணியால் துடைக்கிறாள், பால், முட்டை, கீரை என்று பிள்ளையைப் படுத்துகிறாள். ஆசிரியர் சங்கத்தில் சனிக்கிழமை உட்கார்ந்து, நோட்டில் இருக்கும் எந்தப் பிள்ளையையும் இந்த வருஷம் கீழே இறக்குவதில்லை என்று முடிவு செய்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மாலையில் சங்க ஹாலில் பாடம், டீச்சர்கள் முறை போட்டுக்கொண்டு வருகிறார்கள். மைக் பெஞ்சு தூக்குகிறார், தூக்கும்போது வாயை மூடிக்கொண்டு தூக்க வேண்டும் என்பது டீச்சரின் உத்தரவு.

ஆனால் இதையெல்லாம் கேட்டு நீ சமாதானமாகிவிடக் கூடாது என்பதற்காகவே இதையும் எழுதுகிறேன். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், போனதில் எவ்வளவு திரும்பி வரும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, படிப்பில் தாங்கிப் பிடித்தால் நிறைய வரும், பொறுமையாக இருங்கள் என்றார். பொறுமை. ஏதாவது ஒன்றைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது, உடைக்க என்னைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. நீ அவளை எங்களை நம்பி விட்டுப் போனாய். நீ வந்து அழைத்துக்கொண்டு போகிறேன் என்றால் நான் வாசலில் குறுக்கே படுத்துக்கொள்ள மாட்டேன், பெட்டி கட்டித் தருகிறேன். அழைத்துப் போனால் அங்கே முதல் வாரமே ஆஸ்பத்திரியில் காட்டு. இங்கேயே இருக்கட்டும் என்றால், அடுத்த ரத்தப் பரிசோதனை மூன்று மாதத்தில், செவ்வாய்க்கிழமை, அன்றைக்கு நீ போனில் இருக்க வேண்டும், இனிமேல் நான் சொல்வதைக் கேட்காதே, நர்ஸம்மாவிடமே நேராகக் கேள். என்ன முடிவானாலும் எனக்கு எழுது, திட்டித்தான் எழுதப் போகிறாய், தாராளமாகத் திட்டு, இடம் போதாவிட்டால் தனிக் காகிதம் வை. நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். நீ எங்கே இருந்தாலும் நல்லபடியாக இருப்பாய், உன்னைச் சுமந்த தோள் சொல்கிறது, அந்தத் தோளுக்கு வேறு தகுதி இல்லாவிட்டாலும்.

சித்தி இதுவரை படித்துவிட்டாள். கூரைத் தகரம் எதுவும் பறக்கவில்லை, கூட்டத்தில் உன் சித்தப்பா பாதியிலேயே குரல் உடைந்து உட்கார்ந்துவிட்டார், புகைபோக்கி நேராகத்தான் நிற்கிறது, சட்டை யாரையும் எழுப்பவில்லை என்று வரிசையாகக் குறை சொல்கிறாள். சரி, எல்லாம் பொய்யாகவே இருக்கட்டும். இதோடு ஒரு சின்னச் சீட்டு வைத்திருக்கிறேன், போன செவ்வாய்க்கிழமை வந்தது. அதில் உன் மகள் பேருக்கு நேரே பதினொன்று என்று போட்டிருக்கிறது. அது மட்டும் நிஜம் மகளே, அதை எழுதியது நான் இல்லை, நர்ஸம்மா.

இப்படிக்கு,
குளித்துவிட்டு, வீட்டுச் சட்டையில் உட்கார்ந்து எழுதும்
உன் சித்தப்பா